விரல் பட்டால் நிற்கும் வாள்: ஒரு கண்டுபிடிப்பும் அதன் வழக்குகளும்

சுழலும் வட்டவாளில் விரல் பட்டதும், ஐந்து மில்லிசெக்கனுக்குள் அந்த வாளை நிறுத்திவிடும் தொழில்நுட்பம் 1999ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. ஒரு விநாடியை இருநூறு துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு நேரம்தான் அது. 2004இலிருந்து அந்த வாள் விற்பனையிலும் இருக்கிறது. ஆனால் ஏறாவூரிலிருந்து அக்கரைப்பற்று வரை வீதியோரத்தில் இருக்கும் மரவேலைத் தளங்களில் அப்படி ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. அது பிறந்த அமெரிக்காவிலேயே நீண்ட காலம் மேசை வாள்களில், அதாவது மேசைக்கு அடியில் பூட்டி பிளேட் மேலே தெரியும் வட்டவாள்களில், பெரும்பாலானவை அந்த வசதி இல்லாமல்தான் விற்கப்பட்டு வந்தன.

ஏன் என்று தேடிப் போனால் இயந்திரவியலில் விடை கிடைக்காது. காப்புரிமை, உரிமக் கட்டணம், பொறுப்பு யார் மேல் விழும் என்ற பயம், அதைச் சுற்றி இருபது வருடமாக நடந்த வழக்குகள், இவற்றில்தான் விடை இருக்கிறது. மரவேலை செய்கிறவர்களும், தளம் நடத்துகிறவர்களும், ஏதாவது புதிதாகக் கண்டுபிடித்துத் தொழில் தொடங்க நினைக்கும் நம் இளைஞர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நம் பக்கத்து நிலவரம். 2004 சுனாமிக்குப் பிறகும், 2009இல் யுத்தம் முடிந்த பிறகும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீடு கட்டும் வேலை பெருகியது. ஒவ்வொரு வீட்டுக்கும் நிலை வேண்டும், கதவு வேண்டும், யன்னல் வேண்டும். கைவாளையும் சீவுளியையும் வைத்துக்கொண்டு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. இன்று சிறிய தளம் வைத்திருக்கும் ஓடாவியிடம்கூட ஒரு மெசின் வாள் இருக்கும். பெரும்பாலும் அது கொம்பனி செய்த வாளாக இருக்காது. பக்கத்து வெல்டிங் கடையில் செய்த இரும்பு மேசை, பெல்ட் பூட்டிய மோட்டார், ஹாட்வெயார் கடையில் வாங்கிய பிளேட். மேலே மூடி கிடையாது. கையில் பிடித்து அறுக்கும் வட்டவாளைத் தலைகீழாகப் பலகைக்கு அடியில் பூட்டி மேசை வாளாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. இன்னும் மோசம், இரும்பு அறுக்கும் கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேட்டைப் போட்டு வேலை செய்வது.

விபத்து எப்படி நடக்கிறது என்பது முக்கியம். கவனக்குறைவாக விரலைக் கொண்டுபோய் வாளில் வைக்கிறார்கள் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அப்படி நடப்பது ஒரு பங்குதான். பலகை அறுபட்டுக்கொண்டே போகும்போது, பிளந்த வாய் மூடி பிளேட்டின் பின்பக்கத்தைக் கவ்விவிடும். பின்பக்கத்துப் பற்கள் கீழிருந்து மேலே எழுந்து வருபவை. அவை பலகையைத் தூக்கி, வேலை செய்கிறவரை நோக்கி எறியும். அதுவரை பலகையை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்த கைக்குத் திடீரென்று பிடிமானம் இல்லை. கை நேரே பிளேட்டுக்குப் போகிறது. முப்பது வருட அனுபவம் உள்ளவருக்கும் இது நடக்கும். பத்து அங்குல பிளேட் நிமிடத்துக்கு 4,000 தடவை சுற்றினால் அதன் பல்முனை மணிக்கு 190 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. கையை இழுக்க மனிதனால் முடியாது.

அமெரிக்க நுகர்வோர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழுவின் மதிப்பீட்டின்படி, 2015ஆம் ஆண்டில் மாத்திரம் அந்த நாட்டில் மேசை வாளின் பிளேட் பட்டு அவசர சிகிச்சைக்குப் போனவர்கள் சுமார் 30,800 பேர். அவர்களில் சுமார் 4,700 பேர் உறுப்பை இழந்தார்கள். மூடியும் எச்சரிக்கைப் பலகையும் கைநூலும் சேர்த்து விற்கப்படும் நாட்டின் கணக்கு இது.

இயற்பியல் படித்த வழக்கறிஞர்

ஸ்டீபன் காஸ் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் காப்புரிமை வழக்கறிஞராக இருந்தவர். அதற்கு முன்பு இயற்பியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஓய்வு நேரத்தில் வீட்டுப் பட்டறையில் மரவேலை செய்வார். 1999இல் ஒருநாள் தன் மேசை வாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விரல் பட்டதும் இதை உடனே நிறுத்த முடியுமா என்று யோசித்திருக்கிறார். யோசனையைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார்.

அவர் கண்ட வழி இதுதான். பிளேட்டில் மிக மெல்லிய மின் சைகை ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். காய்ந்த மரம் அந்தச் சைகையைப் பெரிதாகப் பாதிக்காது. மனித உடம்பு மின்சாரத்தைக் கடத்தும், கொஞ்சம் தேக்கியும் வைக்கும். ஆகவே தோல் பட்ட கணமே சைகை சட்டென்று குறையும். அதைக் கண்டதும் கருவி ஒரு மெல்லிய கம்பியை எரித்துவிடும். அந்தக் கம்பிதான் அழுத்தப்பட்ட ஸ்பிரிங் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தது. விடுபட்ட ஸ்பிரிங், அலுமினியக் கட்டை ஒன்றை ஓடும் பற்களுக்குள் தள்ளும். பற்கள் அலுமினியத்துக்குள் இறங்கிச் சிக்கும். பிளேட் சட்டென்று நிற்கும் அந்த விசையே அதை மேசைக்குக் கீழே இழுத்துக்கொள்ளும். மோட்டாரும் நின்றுவிடும்.

கை விநாடிக்கு 30 சென்ரிமீற்றர் வேகத்தில் பிளேட்டை நோக்கிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மில்லிசெக்கனில் அது போகும் தூரம் ஒன்றரை மில்லிமீற்றர். விரலையே இழக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு வெட்டோடு போகும். கட்டையும் பிளேட்டும் வீணாகும், இரண்டையும் மாற்ற வேண்டும். கட்டை இருக்கும் பெட்டிக்கு ஏறத்தாழ நூறு டொலர்.

காஸ் முதலில் சொசேஜை வைத்துச் சோதித்தார். மனித விரலில் வேலை செய்யுமா என்று எல்லோரும் கேட்பார்கள் என்பதால், 2000ஆம் ஆண்டில் தன் இடக்கை மோதிர விரலையே ஓடும் வாளில் வைத்தார். இரத்தம் வந்தது, வலித்தது, விரல் இருந்தது. இதை யாரும் செய்து பார்க்கக் கூடாது. ஆனால் தன் கண்டுபிடிப்பின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையை இதைவிட எப்படிச் சொல்வது?

காப்புரிமை வழக்கறிஞர் என்பதால் அவர் ஒரு விஷயத்தில் தவறவில்லை. யோசனை பிறந்த 1999இலேயே முதல் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டார். உலகத்துக்குக் காட்டியது அதற்குப் பிறகுதான், 2000 ஓகஸ்ட் மாதம் அட்லாண்டா நகரில் நடந்த மரவேலைக் கண்காட்சியில். நண்பர்களான சில வழக்கறிஞர்களும் சேர, சோஸ்டாப் என்ற நிறுவனம் உருவானது.

கையெழுத்தாகாத ஒப்பந்தம்

வாள் செய்து விற்பது அவர்களுடைய திட்டம் இல்லை. பெரிய கொம்பனிகளுக்கு உரிமம் கொடுத்துக் கட்டணம் வாங்குவதுதான் திட்டம். மின்கருவிகள் விற்கும் ரியோபி நிறுவனம் 2002 தொடக்கத்தில் கிட்டத்தட்ட இணங்கியது. மொத்த விலையில் 3 வீதம் கட்டணம், மற்றக் கொம்பனிகளில் பெரும்பாலானவை சேர்ந்தால் 8 வீதம் வரை உயரும். ஒப்பந்தத்தில் சின்னத் திருத்தம் ஒன்று பாக்கி இருந்தது. அது இழுபட்டு இழுபட்டு, கடைசியில் கையெழுத்து விழவேயில்லை. மற்ற நிறுவனங்களும் வரவில்லை.

விலை கூடும், பாரம் கூடும், ஈர மரத்தில் தவறாக நின்றுவிடும் என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். இவை பொய்யான காரணங்கள் இல்லை. 200 டொலருக்கும் குறைவாக விற்கும் சிறிய வாளில் இந்தக் கருவியைப் பூட்டினால் விலை அதே விலையாக இருக்காது. ஆனால் இதற்குப் பின்னால் இன்னொரு கணக்கும் பேசப்பட்டது. ஒரு கொம்பனி தன் வாள்களில் ஒன்றில் இந்தப் பாதுகாப்பை வைத்தால், இது செய்யக்கூடியதுதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்படியானால் அது ஏற்கெனவே விற்ற இலட்சக்கணக்கான வாள்களில் ஏன் வைக்கவில்லை? விரலிழந்த ஒவ்வொருவரும் நீதிமன்றத்தில் அதைக் கேட்கலாம். எல்லோரும் சேர்ந்து வேண்டாம் என்றிருக்கும் வரை, இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். ஒருவர் விலகினால் எல்லோருக்கும் ஆபத்து.

இந்த இடத்தை வாசகர்கள் நின்று பார்க்க வேண்டும். விபத்துக்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும் என்ற சட்டம் மக்களைக் காக்க வந்தது. அதே சட்டத்தின் மேல் இருந்த பயம், ஒரு நல்ல கருவியைத் தொடவே கொம்பனிகளைத் தயங்க வைத்திருக்கலாம்.

உரிமம் விற்க முடியாத காஸ் குழுவினர் இரண்டு காரியம் செய்தார்கள். 2003இல், எல்லா மேசை வாள்களிலும் இத்தகைய பாதுகாப்பைக் கட்டாயமாக்குங்கள் என்று பாதுகாப்பு ஆணைக்குழுவுக்கு மனுக் கொடுத்தார்கள். பிறகு தாங்களே உற்பத்தியில் இறங்கினார்கள். தாய்வானில் செய்யப்பட்ட முதல் வாள்கள் 2004 கடைசியில் சந்தைக்கு வந்தன. அதற்கிடையில், 2003இல், பெரிய கொம்பனிகள் சில கூட்டாகச் சேர்ந்து தங்களுக்கென்று வேறு பாதுகாப்பு முறையைத் தேடத் தொடங்கியிருந்தன.

வழக்குகள்

எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தரைக்குப் பலகை பதிக்கும் வேலையில் இருந்தவர் அவர். அவருடைய முதலாளி 179 டொலருக்கு வாங்கிக் கொடுத்த ரியோபி மேசை வாளில் கை பட்டுப் பலத்த காயம். பல தடவை சத்திரசிகிச்சை நடந்தது. அவர் வாளைச் செய்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். இதைவிடப் பாதுகாப்பான வடிவமைப்பு உலகத்தில் இருக்கிறது, அதை உங்களிடம் கொண்டுவந்து காட்டியும் நீங்கள் எடுக்கவில்லை என்பது அவருடைய வாதம். காஸ் சாட்சி சொன்னார்.

2010இல் ஜூரிகள் 15 இலட்சம் டொலர் நட்டஈடு தீர்ப்பளித்தார்கள். மூடி இல்லாமல் வேலை செய்த தொழிலாளி மேல் 35 வீதம் தவறு இருக்கிறது என்றும் சொன்னார்கள். ஆனாலும் வடிவமைப்பில் குறை இருக்கிறது என்ற முடிவை அவர்கள் மாற்றவில்லை. 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதைப் போன்ற வேறு வழக்குகளும் எழுந்தன. எல்லாவற்றிலும் தொழிலாளிகள் வெல்லவில்லை, சிலவற்றில் நிறுவனங்கள் வென்றன. ஆனால் அந்த 35 வீதக் கணக்கு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தொழிலாளியிடம் தவறு இருந்தாலும் செய்தவனின் பொறுப்பு மறைந்துவிடாது என்று ஒரு நீதிமன்றம் எண்ணிக்கையால் சொன்ன இடம் அது. நம் ஊரில் விபத்து நடந்தால், ‘அவன் கவனமாக இருந்திருக்க வேண்டும்’ என்ற ஒரே வசனத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

அடுத்த வழக்கை சோஸ்டாப்பே போட்டது. பெரிய வாள் கொம்பனிகள் 2001 ஒக்டோபரில் தங்கள் சங்கக் கூட்டத்தில் கூடிப் பேசி, எவரும் இந்த உரிமத்தை வாங்குவதில்லை என்று இணங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. போட்டிச் சட்டத்தின்படி இது கூட்டுப் புறக்கணிப்பு. வழக்குத் தாக்கலானது 2014இல். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதன் ஒரு பகுதிக்கு உயிர் கொடுத்தது. கடைசியில் 2018இல் வழக்கு முடிந்தது, காலம் கடந்துவிட்டது என்ற காரணத்தால். அப்படியான வழக்கை நான்கு வருடத்துக்குள் போட வேண்டும். 2001இல் நடந்ததாகச் சொல்லும் விஷயத்தை நீங்கள் அப்போதே விசாரித்துப் பார்த்திருக்கலாமே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படி ஒரு இணக்கம் நடந்ததா இல்லையா என்பதற்குக் கடைசிவரை தீர்ப்புக் கிடைக்கவில்லை. சட்டம் தெரிந்த வழக்கறிஞர்கள் தொடங்கிய நிறுவனத்துக்கே இந்த நிலை.

மூன்றாவது வழக்கு என்னை மிகவும் உறுத்துவது. 2015இல் பொஷ் நிறுவனம் விரலை உணர்ந்து விலகும் ஒரு வாளைக் கொண்டுவந்தது. அது பிளேட்டை நிறுத்திச் சிதைக்காமல், காற்றுப்பையை விரிக்கும் வகையான வெடிவிசையால் மேசைக்குக் கீழே தள்ளிவிடும். பிளேட் கெடாது. திரும்பப் போட்டு வேலை செய்யலாம். சோஸ்டாப் உடனே அமெரிக்க அரசின் சர்வதேச வர்த்தக ஆணைக்குழுவுக்குப் போனது. எங்கள் காப்புரிமை மீறப்பட்டிருக்கிறது என்ற அதன் வாதத்தை ஆணைக்குழு ஏற்றுக்கொண்டு, 2017 ஜனவரியில் பொஷ் வாளின் இறக்குமதியைத் தடைசெய்தது. விரல்களைக் காக்கப் பிறந்த கொம்பனி, விரல்களைக் காக்கும் இன்னொரு வாளைச் சந்தையிலிருந்து அகற்றியது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். அந்த வருடமே சோஸ்டாப்பை ஜெர்மனியின் டிடிஎஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

பாதுகாப்பு ஆணைக்குழுவோ 2003 மனுவை வைத்துக்கொண்டு 2017இல் ஒரு விதியை முன்மொழிந்தது, 2023இல் அதைத் திருத்தி மறுபடியும் முன்மொழிந்தது. அந்த விதி வந்தால் எல்லோரும் சோஸ்டாப்புக்கு அடிமையாக வேண்டும் என்பதே எதிர்ப்பாளர்களின் பெரிய வாதம். 2024 பெப்ரவரியில் சோஸ்டாப் ஒரு வாக்குறுதி கொடுத்தது. விதி நடைமுறைக்கு வந்தால், 2033 வரை செல்லுபடியாகும் தன் முக்கியமான காப்புரிமை ஒன்றைப் பொதுச் சொத்தாக விட்டுவிடுவோம் என்றது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். காஸுக்குத் தன் உழைப்புக்குக் கட்டணம் கேட்க முழு உரிமை உண்டு. பெரிய கொம்பனிகள் எடுக்காமல் விட்டதுதான் முதல் பிழை, பெரிய பிழை. ஆனால் காப்புரிமை வைத்திருப்பவர், அதைக் கட்டாயமாக்கச் சொல்லி மனுக் கொடுப்பவர், காயப்பட்டவர்களுக்காகச் சாட்சி சொல்பவர், மூவரும் ஒருவரே என்றால் எவருக்கும் சந்தேகம் வரும். 2024இல் கொடுத்த வாக்குறுதியை, அல்லது நியாயமான ஒரு கட்டணத்தை எழுத்தில், 2003இல் அந்த மனுவோடு சேர்த்துக் கொடுத்திருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமிருந்திருக்காது. இருபத்தொரு வருடம் கழித்து, நிறுவனம் கைமாறிய பிறகு அது வந்தது. வருடத்துக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் உறுப்பை இழக்கிறார்கள் என்ற கணக்கை அந்த இருபத்தொன்றால் பெருக்கிப் பாருங்கள்.

இங்கே இதனால் என்ன?

அந்த வாளையே வரவழைக்கலாமா என்று கேட்கலாம். சோஸ்டாப்பின் மிகச் சிறிய மாதிரி 2021இல் சுமார் 900 டொலருக்கு வந்தது. டொலர் 300 ரூபா என்று போட்டாலே 2,70,000 ரூபா. கப்பல் செலவும் வரியும் தனி. அமெரிக்காவுக்குச் செய்தது 120 வோல்ட் மின்சாரத்துக்கு, நம்முடையது 230. ஒரு தடவை வேலை செய்தால் பெட்டிக்கு முப்பதாயிரம், பிளேட்டும் போய்விடும். விரலின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமில்லைதான். ஆனால் நாள் கூலிக்கு நிலை அறுக்கும் தளத்தில் அந்தப் பணம் எங்கே இருக்கிறது?

ஈரம் இன்னொரு பிரச்சினை. ஐப்பசி தொடக்கம் தை வரை மழை. மரக்காலையிலிருந்து பச்சை மரமாகவே வரும் பலகையும் உண்டு. மிக ஈரமான மரம் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் பட்டதாக நினைத்து வாள் நின்றுவிடக்கூடும். அதற்காகவே அந்த வாளில் பாதுகாப்பை அணைத்துவைக்கும் ஒரு வழி இருக்கிறது. அப்படி அணைத்துவிட்டால் அதுவும் சாதாரண வாள்தான்.

காப்புரிமை விஷயத்தில் பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை இலங்கையில் தானாகச் செல்லுபடியாகாது. ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகப் பெற வேண்டும். இங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் அது கொடுக்கப்படுகிறது. விண்ணப்பத் திகதியிலிருந்து 20 வருடம் நிற்கும், ஆனால் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரு கண்டுபிடிப்புக்கு இங்கே உரிமை இருக்கிறதா என்று கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தேடிப் பார்க்கலாம். காப்புரிமை ஆவணங்கள் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை. உரிமை கொடுப்பதற்கு அரசு கேட்கும் விலையே, எப்படிச் செய்தாய் என்பதை ஊருக்குச் சொல் என்பதுதான். மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலோ அம்பாறை ஹார்டி நிறுவனத்திலோ படிக்கும் பிள்ளைகள் இந்த ஆவணங்களைப் படித்து, மலிவான, நம் ஈர மரத்துக்கு ஏமாறாத ஒன்றை யோசிக்க முடியும். சோதனைக்கு இறைச்சித் துண்டு போதும். யோசனை உருவானால், கண்காட்சிக்கோ பத்திரிகைக்கோ கொண்டுபோவதற்கு முன்பே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். அந்த ஒழுங்கில் காஸ் சரியாகத்தான் இருந்தார். உரிமக் கட்டணத்தை எவ்வளவு என்று முதலிலேயே தெளிவாக எழுதிவையுங்கள். அதில் அவரைப் பின்பற்ற வேண்டாம்.

அப்புறம், பொறுப்பு. அமெரிக்காவில் காயப்பட்டவர் வாளைச் செய்த கொம்பனியை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. பாதுகாப்பு அங்கே கொஞ்சமாவது நகர்ந்தது அந்த அழுத்தத்தால்தான். நம் தளத்து வாளுக்கு அப்படி ஒரு கொம்பனி பின்னால் இல்லை. மோட்டார் ஒரு நாட்டிலிருந்து, பிளேட் இன்னொரு நாட்டிலிருந்து, மேசை பக்கத்து ஒழுங்கையிலிருந்து. இங்கே பொறுப்பு என்று ஒன்று இருந்தால் அது தளம் நடத்துகிறவரிடம்தான் வந்து நிற்கும். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது ஏற்படும் காயத்துக்கு வேலை கொடுத்தவரை நட்டஈடு செலுத்தச் சொல்கிறது. இழந்த உறுப்புக்கு ஏற்ப உழைக்கும் திறன் எத்தனை வீதம் போனது என்பதற்கு அதில் அட்டவணை உண்டு. ஆனால் நடப்பது வேறு. பாஸ் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்ப்பார், இரண்டு மூன்று கிழமை வீட்டுக்குச் சாமான் வாங்கிக் கொடுப்பார், அதோடு சரி. நல்ல மனதோடுதான் செய்கிறார். ஆனால் ஒரு பெருவிரல் போனால் உளி பிடிக்க முடியாது, அந்த மனிதனின் தொழிலே போகிறது. இரண்டு கிழமைச் சாமான் அதற்கு ஈடாகாது.

ஆகவே விபத்து நடந்தால் முதலாளிக்கு எழுத்தில் அறிவியுங்கள், வைத்தியசாலை அட்டைகளைப் பத்திரமாக வையுங்கள், தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் தாமதிக்காமல் கேளுங்கள். காலம் கடந்தால் என்ன ஆகும் என்பதற்கு சோஸ்டாப்பின் 2018 தீர்ப்பைவிட வேறு சாட்சி வேண்டாம். விரல் துண்டாகிவிட்டால், அதைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பொலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் காயப்பட்டவரோடு சேர்த்தே கொண்டுபோங்கள். துண்டு நேரடியாக ஐஸில் படக் கூடாது. சதை உறைந்தால் தைக்க முடியாது.

இனி, காசில்லாதவராலும் செய்யக்கூடியது. மேலே சொன்ன பலகை எறியும் விபத்தைத் தடுக்க ஒரு சிறு உருக்குத் தகடு போதும். பிளேட்டுக்கு நேர் பின்னால், அதே கோட்டில், பிளேட்டின் வளைவுக்கு இணங்க வெட்டிய தகடு நிற்க வேண்டும். அறுபட்ட வாய் மூடிப் பிளேட்டைக் கவ்வாமல் அது பிடித்துக்கொள்ளும். அமெரிக்கக் கொம்பனிகள் கருவிக்கு மறுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இந்தத் தகட்டைப் புதிய வாள்களில் கட்டாயமாக்கும் தரவிதி அங்கே வந்தது. தகடு, பிளேட் அறுத்த வாயின் அகலத்தை விட மெல்லியதாகவும் பிளேட்டின் உடலை விடச் சற்றுத் தடிப்பாகவும் இருக்க வேண்டும். உயரம் பிளேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே. பிளேட்டுக்கும் அதற்கும் இடைவெளி எட்டு மில்லிமீற்றருக்குள். பிளேட்டை ஏற்றி இறக்கும்போது தகடும் கூடவே ஏறி இறங்கும்படி அதே தாங்கியில் பூட்ட வேண்டும், மேசையில் பூட்டினால் பயனில்லை. மெல்லிய கீலம் அறுக்கும்போது கையால் தள்ளாமல், நுனியில் வெட்டு வைத்த ஒரு அடி நீளக் கட்டையால் தள்ளுங்கள். மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் முழங்காலால் தட்டக்கூடிய இடத்தில் இருக்கட்டும், இரண்டு கையும் பலகையில் இருக்கும்போது சுவரில் உள்ள சுவிட்ச் உதவாது. அடுத்த முறை வெல்டிங் கடையில் வாள் மேசைக்குச் சொல்லும்போது, கால் எத்தனை அடி, மேல்தகடு எத்தனை அங்குலம் என்று சொல்வதோடு இந்தத் தகட்டின் அளவையும் தாங்கியையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே மேசை இருந்தால், இந்த வாரமே அதைக் கழற்றிக் கொண்டுபோய் இந்தத் தகட்டைப் பூட்டச் சொல்லுங்கள்.